ஞமலியின் மெய்ப்பாடு

நாலடியாரில் நட்பாராய்தல் என்னும் அதிகாரத்தில் உள்ள 213ஆம் வெண்பாவை வகுப்பறையில் பயிற்றாத தமிழாசிரியர் அரியர். யானையை ஒத்தவர் நட்பை நீக்கி நாயை ஒத்தவர் நட்பைத் தழுவுக என்பது அதன் கருத்து. யானை நெடுநாள் பழகியும் தன் பாகனைக் கொல்லும். நாயோ, எறியப்பட்ட வேல் தன் உடம்பில் நிற்கும்போதும் உடையவனைக் கண்டு வால் குழைக்கும். இவ்வெண்பாவிற்கு நாம் கூறிவரும் விளக்கம் பெரும்பாலும் ஒன்றே: நாய் நன்றியுடையது, தீங்கு செய்தாரிடத்தும் அன்பு மாறாதது. இவ்வளவில் விளக்கம் முடிகிறது. அடுத்த வெண்பாவிற்குச் செல்கிறோம். வேல் தைத்த நாய் பின் என்ன ஆயிற்று என மாணவர் ஒருவர் வினவின், நகைத்து அமைகிறோம்.

அவ்வினா நகைத்தற்கு உரியதுதானா என ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம். நாயின் உள்ளத்தை அதன் மெய்யின்கண் தோன்றும் குறிகளால் அறிய இயலுமா? இயலுமெனின் நம் புலவர்கள் அதனை எவ்வளவில் அறிந்து பாடினர்? அவர்கள் பாடியதை நாம் எவ்வளவில் சரியாகப் படிக்கிறோம்? இம்மூன்றும் தொடர்புடைய வினாக்கள். இவற்றை ஆராயச் சிறுபாணாற்றுப்படை, பெரும்பாணாற்றுப்படை, அகநானூறு, புறநானூறு, நாலடியார் ஆகியவற்றிலிருந்து சில இடங்களை எடுத்துக்கொள்கிறோம். அளவுகோலாகத் தொல்காப்பிய மெய்ப்பாட்டியலையும், துணையாக இக்கால விலங்கு நடத்தை ஆய்வுகள் சிலவற்றையும் கொள்கிறோம். இற்றை ஆய்வு கண்ட முடிபுகளை எல்லாம் பண்டைத் தமிழர் முன்னரே கண்டனர் என நிறுவுவது எம் கருத்தன்று. அத்தகைய முயற்சி புலவர்க்கும் பெருமை தராது. அறிவியற்கும் பயன் தராது.

1. மெய்ப்பாடும் விலங்கும்

தொல்காப்பியப் பொருளதிகாரத்தின் ஒன்பது இயல்களுள் ஆறாவது மெய்ப்பாட்டியல். நகை, அழுகை, இளிவரல், மருட்கை, அச்சம், பெருமிதம், வெகுளி, உவகை என எட்டு மெய்ப்பாடுகளை அது வகுக்கிறது. உள்ளத்து நிகழும் உணர்வு மெய்யின்கண் வெளிப்படுதலின் மெய்ப்பாடு எனப்பட்டது. ஒவ்வொன்றும் நந்நான்கு நிலைக்களங்களில் பிறக்கும். அச்சத்தின் நிலைக்களங்கள் அணங்கு, விலங்கு, கள்வர், தம் இறை என்பன. இங்கு விலங்கு பெற்ற இடத்தை நோக்குதல் வேண்டும். மக்கள் அஞ்சுதற்குக் காரணமாக அது நிற்கிறது. தான் அஞ்சும் உயிராக நிற்கவில்லை. மெய்ப்பாட்டியல் மக்களை நோக்கிச் செய்யப்பட்ட இயலாதலின் இது குறையாகாது. எனினும், விலங்கின் உள்ளத்தைப் பற்றிய ஆராய்ச்சிக்கு இலக்கணம் கதவடைத்துவிட்டது என்று கொள்ளுதலும் பொருந்தாது. மரபியல் உயிர்களை அறிவு வகையால் பகுக்குமிடத்து விலங்கை ஐயறிவுயிராகவும் மக்களை ஆறறிவுயிராகவும் வைக்கிறது. வைத்தபின், விலங்கினுள் ஒரு சாரனவும் அவ்வாறாம் அறிவு உடையன என்று கூறுவர் என்னும் கருத்தமைந்த நூற்பா ஒன்றும் அங்கு உளது. கதவு சிறிது திறந்தே இருக்கிறது.

மெய்ப்பாட்டை விளக்கும் பேராசிரியர், சுவைக்கப்படும் பொருள், அதனை நுகரும் சுவை, அதனால் மனத்து நிகழும் குறிப்பு, குறிப்பு முதிர்ந்து உடம்பில் தோன்றும் விறல் என நான்கு படிகளை எண்ணுவர். புலியைக் கண்டான் ஒருவன் நடுங்கி வியர்க்கிறான் எனின், புலி பொருள். நடுக்கமும் வியர்ப்பும் விறல். இடையிலுள்ள அச்சத்தை நாம் காண்பதில்லை. இரண்டு முனைகளையும் கொண்டு உய்த்துணர்கிறோம். பொருளை விட்டு விறலை மட்டும் நோக்கின் பிழை நேரும். வியர்ப்பு அச்சத்தாலும் வரும், வெயிலாலும் வரும். விறலை விட்டுப் பொருளை மட்டும் நோக்கினும் பிழை நேரும். புலியைக் கண்டு அஞ்சாதாரும் உளர்.

மெய்ப்பாட்டியலின் இறுதி நூற்பா இதனினும் இன்றியமையாதது. கண்ணாலும் செவியாலும் திட்பமுற உணரும் உணர்வுடையார்க்கன்றி மெய்ப்பாட்டின் பொருளை அறிதல் அரிது என ஆசிரியர் அங்குக் கூறி இயலை முடிக்கிறார். குறிகளை எண்ணித் தந்த ஆசிரியர், பட்டியல் மட்டும் போதாது, நோக்குவானுடைய பயிற்சியும் வேண்டும் என்று எச்சரித்தமை கருதத்தக்கது.

மக்களிடத்து நிறுத்தப்பட்ட இவ்வாராய்ச்சியை விலங்கினிடத்தும் விரித்துச் செய்தவருள் தலையாயவர் டார்வின். மக்களும் விலங்குகளும் உணர்ச்சியை வெளிப்படுத்தும் முறை பற்றி அவர் 1872இல் எழுதிய நூலில் நாய்க்குப் பேரிடம் தந்துள்ளார். பகை கொண்ட நாய் கால்களை விறைத்து, தலையை நிமிர்த்து, வாலை உயர்த்தி, மயிர் சிலிர்த்து நடக்கும். அதே நாய் வருபவன் தன் தலைவனே எனக் கண்டவுடன் உடலைத் தாழ்த்தி நெளிக்கும், வால் தாழ்ந்து அசையும், மயிர் படியும், செவிகள் பின் சாயும். முரண்பட்ட உணர்வுகள் முரண்பட்ட உடல்நிலைகளாக வெளிப்படும் என்னும் கோட்பாட்டை அவர் இதனால் நிறுவினார். அவர் எந்த ஓர் உறுப்பையும் தனித்துக் கூறவில்லை என்பதை ஈண்டு நினைவிற் கொள்வோம். கால், தலை, வால், மயிர், செவி ஆகிய ஐந்தும் சேர்ந்தே ஒரு நிலையைக் காட்டுகின்றன.

2. அடைமொழி காட்டும் நோக்கு

சங்கப் புலவர் நாய்க்குத் தந்த அடைமொழிகளுள் சிலவற்றைத் தொகுத்து நோக்கின் ஓர் உண்மை புலனாகும். புறநானூறு 33ஆம் பாட்டில் கோவூர்கிழார் வேட்டுவனுடைய நாயைக் கதநாய் என்கிறார். கதம் என்பது சினம். பெரும்பாணாற்றுப்படையில் வேட்டைக்குச் செல்லும் ஞமலிக்குப் பகுவாய் அடையாகிறது. அகநானூறு 122இல் பரணர் ஞாளிக்குக் கூரிய எயிற்றையும், ஞமலிக்கு ஆரவாரமுடைய வாயையும் அடையாக்குகிறார். சினம், வாய், பல், ஒலி ஆகிய இவையே முன்னிற்கின்றன. நாய் பிற உயிர்க்குச் செய்வன இவை. முயலும் அயலானும் நாயை நோக்கும் நோக்கு இவ்வடைகளில் அமைந்துள்ளது. வேட்டையிலும் காவலிலும் நாயைப் பாடும் இடத்து இது இயல்பே.

கண்ணும் செவியும் நாயின் உள்ளத்தை வாயினும் மிகுதியாகக் காட்டும் உறுப்புகள். கண்ணின் வெள்ளை பக்கவாட்டில் தோன்ற ஒதுங்கி நோக்குதல், முகத்தைத் திருப்புதல், நாவால் மூக்கை நக்குதல், உறக்கமின்றியும் கொட்டாவி விடுதல், ஒரு முன்காலைத் தூக்கி நிற்றல், செவியைத் தலையோடு ஒட்டவைத்தல் ஆகியவற்றை அச்சத்திற்கும் மனநெருக்கத்திற்கும் குறிகளாக இன்று விலங்கு மருத்துவர் கொள்கின்றனர். இவற்றுள் ஒன்றைக் கண்ட அளவில் முடிவு செய்யாது, பல குறிகள் ஒருங்கு நிற்கும் இடத்தையே நோக்குகின்றனர்.

நாலடியார் 345ஆம் வெண்பா நாயின் கண்ணைப் பாடுகிறது. பொற்கலத்தில் உணவிட்டுப் பேணினும் நாய் பிறர் எச்சிலை இமையாது நோக்கியிருக்கும் என்பது அதன் கருத்து. கீழ்மக்கள் இயல்புக்கு அஃது உவமை. நோக்கு கூரியது. உணவை எதிர்பார்க்கும் நாய் இமையாது நிற்றலை எவரும் காணலாம். ஆயின் நோக்கிற்குத் தந்த பொருள் மக்கள் அறத்திலிருந்து பெறப்பட்டது. பொன்னுக்கும் மண்ணுக்கும் வேறுபாடு நாய் அறியாது. மனிதர் குடியிருப்பின் ஓரத்தில் எச்சிலுண்டு வாழ்ந்த இனத்தின் வழித்தோன்றல் அது. அதன் இமையா நோக்கில் கீழ்மை இல்லை. அதில் உள்ளது எதிர்பார்ப்பும், சிலபோது பசியும் ஆகும். குறியைச் சரியாகக் கண்டு பொருளை மாற்றி உரைத்தலுக்கு இவ்வெண்பா தக்க எடுத்துக்காட்டு. இவ்வாறு கூறுதல் வெண்பாவின் அறத்தைப் பழிப்பதாகாது. உவமையில் நாய்க்குச் சேர்ந்த பழியை நீக்குவதே ஆகும்.

3. இருவகைக் குரைப்பு

அகம் 122இல் தலைவி இரவுக்குறிக்கு வரும் இடையூறுகளை அடுக்கிக் கூறுகிறாள். ஊர் துஞ்சினால் அன்னை துஞ்சாள்; அன்னை துஞ்சினால் காவலர் கடுகுவர்; காவலர் துஞ்சினால் ஞாளி ஒலிக்கும்; ஞாளி மடிந்தால் நிலவு காயும். இவ்வடுக்கில் நாயின் ஒலிக்குப் பரணர் ஆண்ட வினை மகிழ்தல் என்பதாகும். இடம் நோக்கக் குரைத்தல் என்பதே பொருள். குரைத்தலைக் குறிக்க மகிழ்தல் என்னும் சொல் ஏன் வந்தது? வேற்று அடியொலி கேட்ட நாயின் உடலெங்கும் கிளர்ச்சி பரவுகிறது. அக்கிளர்ச்சியை நோக்கி எழுந்த வழக்காகலாம். அன்றி வெறும் வழக்குச் சொல்லாகவும் கொள்ளலாம். இதன்மேல் பெருங்கோட்டை கட்டுதல் ஆகாது. ஆயினும் தலைவிக்கு அச்சம் தரும் ஒலியை ஞாளியின் மகிழ்ச்சியாகச் சொல்லும் சொல்லாட்சி, ஒலித்த உயிரின் பக்கம் நின்று ஒரு கணம் நோக்குகிறது என்ற அளவில் அமையலாம்.

இதனோடு வைத்து நோக்கத்தக்கது நல்லூர் நத்தத்தனார் சிறுபாணாற்றுப்படையில் பாடிய நாயின் குரைப்பு. நல்லியக்கோடனிடம் பரிசில் பெற்று மீளும் பாணன் தன் பழைய வறுமையைக் கூறுமிடத்து முதலில் காட்டுவது தன் அட்டிலில் கிடக்கும் நாயை. அண்மையில் ஈன்ற நாய் அது. கண் திறவாத, செவி சாய்ந்த குருளைகள் பாலற்ற முலையைப் பற்றி இழுக்கின்றன. அதனைப் பொறுக்கலாற்றாது நாய் குரைக்கிறது.

இவ்விடத்தை வறுமை வருணனை என்று மட்டும் படித்தல் போதாது. நாய்க்குட்டிகள் பிறந்து ஏறத்தாழ இரண்டு கிழமைகளிலேயே கண் திறக்கும். ஆதலின் இக்குருளைகள் பிறந்து சில நாட்களே ஆனவை. அவற்றுக்குத் தாய்ப்பாலன்றி வேறு உணவு ஆகாத காலம் அது. பாலூட்டும் நாய்க்கு வழக்கமான உணவினும் மிகுதியாக, இரு மடங்கும் அதற்கு மேலும் உணவு வேண்டும். அவ்வுணவு இல்லாமையால் முலை வற்றியது. வற்றிய முலையை இழுத்தலால் நோவு. நோவினால் குரைப்பு. பேராசிரியர் கூறிய நான்கு படிகளும் ஒழுங்குற இங்கு அமைந்துள்ளன. பாலற்ற முலையைக் குருளைகள் கவர்தல் பொருள், நோவு சுவை, பொறுக்கலாற்றாமை குறிப்பு, குரைத்தல் விறல். நடுவிலுள்ள உணர்வையும் புலவர் மறைக்காது சொல்லிவிட்டார். நோனாமை என்னும் சொல் நாயின் உள்ளத்தைச் சொல்லும் சொல். தாய் தன் குருளையை வெறுத்தது என்று அவர் கூறவில்லை. ஊட்ட விரும்பியும் இயலாத தாயின் நிலை அச்சொல்லில் அடங்கியுள்ளது.

அடுத்து வரும் காட்சி இதனினும் கூரியது. சிதல் அரித்த பழஞ்சுவர். அதில் பூத்த காளான். பசியால் மெலிந்த கிணைமகள் நகத்தால் கிள்ளிய வேளைக்கீரையை உப்பின்றி வேகவைக்கிறாள். அறிவிலார் காணுதற்கு நாணிக் கதவை அடைத்துச் சுற்றத்தோடு உண்கிறாள். வீடு ஒன்று, பசி ஒன்று. அதனை மகள் மறைக்கிறாள். நாய் மறைக்க அறியாது. மானமுடைய மாந்தர் தம் மெய்ப்பாட்டை அடக்குவர். நாயின் மெய்ப்பாட்டிற்கு அடைக்கும் கதவு இல்லை. அதனாலன்றோ பாணன் வீட்டின் உண்மை நிலை முதலில் நாயின் வாயிலாக வெளிப்படுகிறது! ஒரு மனையின் நலத்தை அம்மனையில் வாழும் நாயைக் கொண்டு அறியலாம் என்னும் நுண்ணுணர்வு இவ்வமைப்பில் உளது என்பது எம் கருத்து.

ஒரே குரைப்பு ஓரிடத்து மகிழ்தலாகவும் ஓரிடத்து நோனாமையாகவும் கொள்ளப்பட்டதற்கு அறிவியல் துணையும் உண்டு. அங்கேரி நாட்டு ஆய்வாளர் பொங்கிராட்சும் அவர் குழுவினரும் 2005இல் வெளியிட்ட ஆய்வில், வெவ்வேறு சூழல்களில் பதிவு செய்த குரைப்புகளைக் கேட்ட மக்கள், நாய் வளர்த்த பழக்கம் இல்லாதாரும் உட்பட, அவை எச்சூழலில் எழுந்தன என்பதைத் தற்செயலினும் மிகுதியாகப் பகுத்துரைத்தனர். தாழ்ந்த சுருதியில் விரைந்து அடுத்தடுத்து வருவதனைச் சினமாகவும், உயர்ந்த சுருதியில் இடைவிட்டு வருவதனை வேறு உணர்வாகவும் செவி பிரிக்கிறது. கண்ணோடு செவியையும் சேர்த்துக் கூறிய மெய்ப்பாட்டியல் நூற்பா இங்கு நினைக்கத்தக்கது.

4. வால் குழைத்தல்

இனி நாம் தொடங்கிய வெண்பாவிற்கு வருவோம். வாலின் அசைவு மகிழ்ச்சியின் குறி என்பது உலகெங்கும் பரவிய நம்பிக்கை. அது முழு உண்மையன்று என்பதை அண்மைக்கால ஆய்வுகள் தெளிவுறுத்தியுள்ளன. இத்தாலிய ஆய்வாளர் குவராந்தா, சினிஸ்கால்கி, வல்லோர்த்திகாரா மூவரும் 2007இல் 30 நாய்களைக் கொண்டு செய்த ஆய்வில், உடையவனைக் கண்ட நாயின் வாலசைவு அதன் வலப்பக்கம் மிக்கும், அறிமுகமற்ற, மேலாண்மை காட்டும் நாயைக் கண்டபோது இடப்பக்கம் மிக்கும் நின்றது. 2013இல் வெளிவந்த தொடர் ஆய்வில், இடப்பக்கம் மிக்க வாலசைவைத் திரையிற் கண்ட நாய்களின் இதயத்துடிப்பு மிகுந்தது. அவை மனக்கலக்கக் குறிகளையும் காட்டின. வால் அசைகிறது என்ற அளவில் உவகை என முடிக்க இயலாது என்பது தேற்றம். உயர்ந்து விறைத்த வாலின் குறுகிய அசைவு சினத்திற்கு முன்னறிவிப்பாகலாம். தாழ்ந்த வாலின் விரைந்த அசைவு அச்சமும் பணிவும் கலந்த வேண்டுகோளாகலாம்.

இங்கு ஓர் எச்சரிக்கை. பரணர் ஞாளியின் வாலை வலப்புறம் சுரிந்தது என்றார். 2007ஆம் ஆண்டு முடிபையும் இதனையும் ஒன்றாக இணைக்க ஆர்வம் எழலாம். இணைத்தல் ஆகாது. சுரிதல் வாலின் பிறவி அமைப்பு. ஆய்வாளர் அளந்தது அசைவின் சாய்வு. ஒன்று வடிவம், மற்றொன்று விறல்.

நாலடியார் ஆசிரியர் ஆண்ட வினை குழைத்தல். இச்சொல்லை நாம் போதிய அளவு நோக்கவில்லை. நாயின் வாலைப் பற்றித் தமிழில் வினைகள் பல உள. வாலை ஆட்டும், நிமிர்க்கும், சுருட்டும், கால்களுக்கிடையே இடுக்கும், குழைக்கும். இவை ஒன்றற்கொன்று மாற்றாக நிற்பன அல்ல. குழைதல் என்பது இளகுதல், நெகிழ்தல், வளைந்து தாழ்தல். வன்மை நீங்கிய நிலையே குழைவு. டார்வின் 1872இல் காட்டிய இரண்டாம் நிலையாகிய தாழ்ந்து நெளிந்து இணங்கும் நிலைக்கு இச்சொல் வியத்தகு பொருத்தம் உடையது. பகைகொண்ட நாய் வாலை ஆட்டுதல் கூடும், குழைத்தல் கூடாது. ஆகவே புலவர் நாயைக் கூர்ந்து நோக்கியே சொல்லைத் தேர்ந்தார் எனலாம்.

அவர் சொல்லாதது எது என்பதும் நோக்கத்தக்கது. நாய் மகிழ்ந்தது என்று அவர் சொல்லவில்லை. நோவை மறந்தது என்றும் சொல்லவில்லை. வேல் மெய்யில் நிற்பதையும் வால் குழைவதையும் ஒரே காலத்து நிகழ்வனவாக அருகருகே வைத்தார். பேராசிரியர் படிகளால் கூறின், பொருளையும் விறலையும் தந்தார். சுவையையும் குறிப்பையும் நம் உய்த்துணர்வுக்கு விட்டார். அவ்விடைவெளியில் நன்றி என்னும் ஒரு சொல்லை இட்டு நிரப்பியவர் நாமே. நோவும், அச்சமும், பற்றும், அடைக்கலம் நாடும் வேட்கையும் ஒருங்கு கலந்த நிலையை ஒரு சொல்லால் மூடிவிட்டோம். நோயுற்ற நாயும் காயமுற்ற நாயும் தன்னை வளர்த்தவனைக் கண்டு வாலசைத்தல் விலங்கு மருத்துவர் நன்கறிந்த செய்தி. வாலசைவைக் கண்டு நோவில்லை என முடிவு செய்யும் மருத்துவர் பிழை செய்வார். வாலை மட்டும் விளக்கி வேலை விடும் ஆசிரியரும் அத்தகைய பிழையே செய்கிறார்.

ஈண்டு ஒரு தடை எழும். உவமை ஒருபுடை ஒப்புமையே கொள்ளும். அவ்வெண்பா நட்பைப் பற்றியது. நாயின் நோவு அங்குப் பொருளன்று. அதனை வினவுதல் உவம இலக்கணத்திற்கு மாறு என்பர். இத்தடை வலியுடையது. உவமையின் பயன் கொள்ளும்போது ஒருபுடை போதும் என்பதை யாம் மறுக்கவில்லை. ஆயின் உவமை வலிமை பெறுவது எங்கிருந்து? வேலின் நோவு மெய்யான நோவாக இருந்தாலன்றி வால் குழைத்தல் வியப்பாகாது. நோவை நீக்கிவிடின் உவமை இறந்துபடும். ஆகவே நாயின் நோவை உணர்தல் வெண்பாவிற்குப் புறம்பன்று; அதனை உணராதார்க்கு வெண்பாவே முழுதும் விளங்காது. நண்பன் செய்த தீங்கைப் பொறுக்கும் ஒருவன் தீங்கை உணராதவன் அல்லன்; உணர்ந்தும் பொறுப்பவன். அந்நுட்பம் நாயின் உடம்பை நோக்கினார்க்கே தோன்றும்.

இதன் மறுதலையாக, இல்லாத உணர்வை நாயின்மேல் ஏற்றும் பிழையும் உண்டு. உணவைத் திருடிய நாய் தலை கவிழ்ந்து, செவி சாய்த்து, கண்ணை ஒதுக்கி நிற்பதைக் கண்டு, அது தன் குற்றத்திற்கு நாணுகிறது என்பர். ஓரோவிட்சு என்னும் அமெரிக்க ஆய்வாளர் 2009இல் இதனை ஆராய்ந்தார். நாய் உண்மையில் குற்றம் செய்ததா இல்லையா என்பதற்கும் அத்தோற்றத்திற்கும் தொடர்பு காணப்படவில்லை. உடையவர் கடிந்தபோதே அத்தோற்றம் மிகுந்தது. குற்றமற்ற நாயும் கடியப்பட்டபோது அவ்வாறே நின்றது. விறல் ஒன்று, மக்கள் கற்பித்த பொருள் நாணம், உண்மைப் பொருள் உடையவனின் சினம். தம் இறை அச்சத்திற்கு நிலைக்களமாகும் என்ற தொல்காப்பியர் கருத்து, நாயினிடத்து இவ்வாறு பொருந்தி நிற்பதைக் காண்கிறோம்.

நோக்குவானுடைய பிழை இன்னும் ஆழமானது என்பதை 2025இல் அமெரிக்காவின் அரிசோனாவில் மொலினாரோ, வின் இருவரும் வெளியிட்ட ஆய்வு காட்டியது. ஒரு சூழலில் படம்பிடித்த நாயின் அசைவுகளை வேறொரு சூழலில் நிகழ்ந்தனபோல் இணைத்துக் காட்டியபோது, பார்த்தவர்கள் நாயின் உடலை நோக்காது சூழலை நோக்கியே அதன் உணர்வை உரைத்தனர். இனிய சூழல் எனின் நாய் மகிழ்கிறது என்றனர். இன்னாச் சூழல் எனின் துன்புறுகிறது என்றனர். வால் குழைத்தலில் நாம் பொருளை விட்டு விறலை மட்டும் கொண்டோம். இவர்கள் விறலை விட்டுப் பொருளை மட்டும் கொண்டனர். இருவகைப் பிழையும் நான்கு படிகளுள் சிலவற்றைத் தாண்டியதால் நேர்ந்தவை.

5. தளையுண்ட ஞமலி

மெய்ப்பாட்டை அறிதல் அறிவின்பத்திற்காக மட்டும் அன்று. அறிந்த உயிர்க்கு நலம் செய்தற்கும் ஆகும். இதற்குச் சான்றாக ஒரே பொருளைப் பற்றிய இரண்டு பாட்டுகளை ஒப்பிடுவோம்.

பெரும்பாணாற்றுப்படையில் கடியலூர் உருத்திரங்கண்ணனார் எயினர் குறும்பைப் பாடுகையில், தொடரால் நாய் கட்டப்பட்ட, பிறர் நெருங்குதற்கரிய காவல் மனைகளைக் காட்டுகிறார். வெளியிலிருந்து வருபவன் நோக்கில் அமைந்த காட்சி இது. தொடர் காவலின் உறுப்பு. கட்டப்பட்ட நாயின் சினம் மனைக்கு அரண்.

புறநானூறு 74ஆம் பாட்டு சேரமான் கணைக்கால் இரும்பொறை பாடியது. சோழன் செங்கணானொடு பொருது பற்றப்பட்டுக் குடவாயிற் கோட்டத்துச் சிறையில் கிடந்தபோது, தண்ணீர் கேட்டுக் காலந்தாழ்த்துப் பெற்று, உண்ணாது உயிர் துறந்தான் எனப் பாட்டின் அடிக்குறிப்பு கூறுகிறது. இறந்து பிறந்த குழவியையும் வாளால் கீறி வீரமரபு காக்கும் குடியிற் பிறந்த தான், தளையிட்ட நாயைப் போலத் துன்புறுத்தி வைக்கப்பட்டதை அவன் பாடுகிறான். இகழ்ச்சியின் எல்லையைக் காட்டவே நாயை உவமித்தான் என்று நாம் உரைக்கிறோம். அது உண்மையே. ஆயின் அவன் தேர்ந்த சொற்களுள் இடர் என்பதும் உளது. தளையிட்ட நாய் இழிவுற்றது என்று மட்டும் அவன் சொல்லவில்லை; இடர்ப்படுவது என்றான். வாயிலில் கட்டுண்ட நாயை நாள்தோறும் கண்டிருப்பான். அன்று அது காவல். தானே கட்டுண்ட நாளில் அது இடராகத் தோன்றியது. தொடர் மாறவில்லை, நோக்குபவன் இடம் மாறியது. பெரும்பாணாற்றுப்படை தொடரின் வெளிப்புறத்தைப் பாடியது. இப்பாட்டு உட்புறத்தைப் பாடியது.

இருபதாம் நூற்றாண்டில் விலங்கின் நலம் பற்றிய சிந்தனை சட்டத்திலும் இடம் பெற்றது. இந்தியாவில் 1960இல் இயற்றப்பட்ட விலங்கு வதைத் தடுப்புச் சட்டத்தின் 11ஆம் பிரிவு, வழக்கமாகத் தொடரில் கட்டியோ இடுக்கமான இடத்தில் அடைத்தோ வைக்கும் நாய்க்குத் தக்க உடற்பயிற்சி தரத் தவறும் உடையவனைக் கொடுமை செய்தவனாகக் கொள்கிறது. இங்கிலாந்தில் 1965இல் பிராம்பெல் குழு பண்ணை விலங்குகளைப் பற்றித் தந்த அறிக்கையின் வழி வந்து, 1979இல் வகுக்கப்பட்ட ஐந்து விடுதலைகள் இன்று நாய் முதலிய வளர்ப்பு விலங்குகளுக்கும் அளவுகோலாகக் கொள்ளப்படுகின்றன. பசி நீர்வேட்கையினின்று விடுதலை, இருப்பிட இன்னாமையினின்று விடுதலை, நோவும் காயமும் நோயும் ஆகியவற்றினின்று விடுதலை, இயல்பான நடத்தைக்கு உரிமை, அச்சத்தினின்றும் மனத்துயரினின்றும் விடுதலை என்பன அவை. நம் புலவர் இப்பட்டியலை அறியார். ஆயினும் சிறுபாணாற்றுப்படை நாய் பசியாலும், நாலடியார் நாய் காயத்தாலும், புறநானூற்று ஞமலி தளையாலும் துன்புறுவதை அவர்கள் கண்டனர்; கண்டதைச் சொல்லிலும் வைத்தனர்.

நாயின் முகம் மக்களோடு கூடிய வாழ்வால் அமைந்தது என்பதற்கு அண்மைச் சான்று ஒன்று. புருவத்தின் உட்பகுதியை உயர்த்தும் தசை நாயினிடத்து நன்கு வளர்ந்துள்ளது. ஓநாயினிடத்து அது தனித் தசையாக அமையவில்லை என 2019இல் கமின்சுகியும் உடன் ஆய்ந்தோரும் உடற்கூறு ஆய்வால் காட்டினர். புருவத்தை மிகுதியாக உயர்த்திய நாய்களைக் காப்பகங்களிலிருந்து மக்கள் விரைந்து ஏற்றுச் சென்றனர் என்பது 2013இல் வெளிவந்த முடிபு. புருவம் உயர்த்தாத நாயின் துயரம் சிறிது என்று எவர் சொல்வார்? நம் இரக்கம் முகத்தின் ஒரு தசையைப் பொறுத்து அமையின், திட்பமுற உணர்தல் என்பதற்கு நாம் இன்னும் தகுதி பெறவில்லை என்றே கொள்ளவேண்டும்.

முடிவுரை

மேற்கூறியவற்றால் மூன்று முடிபுகள் பெறப்படும். நாயின் உணர்வை மெய்க்குறிகளால் அறியலாம். ஆயின் ஓர் உறுப்பால் அறிய இயலாது, முழு உடம்பையும் சூழலையும் ஒருங்கு நோக்கியே அறியவேண்டும். நம் புலவருள் நத்தத்தனார் இந்நோக்கை நிறைவாகப் பெற்றிருந்தார். நாலடியார் ஆசிரியர் வால் குழைத்தலில் நுட்பமாகவும் இமையா நோக்கில் மக்கள் அறம் கலந்தும் கண்டார். உரைத்தும் பயிற்றியும் வரும் நாமோ அவர்கள் கண்ட அளவையும் குறைத்துக் காண்கிறோம்.

இதனால் வரும் கேடு பாட்டின் சுவைக்குறைவோடு நிற்பதன்று. மூன்று முதல் ஐந்து வயதுக் குழந்தைகள் பலர், பல்லைக் காட்டிச் சினந்த நாயின் முகத்தை மகிழ்ந்த முகமாகப் பிறழ உணர்தலை இங்கிலாந்தில் மீண்ட்சும் உடன் ஆய்ந்தோரும் 2018இல் வெளியிட்ட ஆய்வு காட்டியது. பிறழ உணர்ந்த குழந்தை கையை நீட்டுகிறது. கடியுண்ட குழந்தையும் துன்புறுகிறது. கடித்த நாயும் அடிபடுகிறது. அஞ்சும் நாயைத் திமிருடையது என்றும், நோவுற்ற நாயை நன்றியுடையது என்றும் பெயரிட்டு அழைக்கும் வரை இது தொடரும்.

நாலடியார் 213ஆம் வெண்பாவை இனிப் பயிற்றுங்கால், வாலைக் கூறுமுன் வேலைக் கூறுவோமாக. நாய் என்ன ஆயிற்று என்று வினவும் மாணவரை நகையாது, வெண்பாவின் உயிர்நிலையைத் தொட்டவர் அவரே எனப் பாராட்டுவோமாக.